நாயோ கீரியோ கடித்த கோழி: கண்ணில் படுவதை வைத்து என்ன செய்வது

சிறுமலை அடிவாரத்தில் எங்கள் தோட்டத்தில் எப்போதும் இருபது, இருபத்தைந்து நாட்டுக்கோழிகள் மேயும். பகலில் கீரியும் வல்லூறும் வரும். இரவில் மரநாய் வரும். தெருநாய்க்கு நேரம் காலம் கிடையாது. கடிபட்ட கோழியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது பத்து வருடமாக எங்கள் வீட்டில் நடக்கிறது. பிழைத்ததும் உண்டு, கையிலேயே போனதும் உண்டு. என் கையில் போனவற்றில் பாதி காயத்தால் போகவில்லை. குளிரிலும், நான் பதறிப்போய் வாயில் ஊற்றிய தண்ணீரிலும், மூன்றாம் நாள் வைத்த புழுவிலும்தான் போயின. அதனால் இதில் எந்தத் தலைப்பைத் தேடி வந்திருந்தாலும், கீழே உள்ள முதல் பகுதியைச் செய்துவிட்டு அங்கே போங்கள்.

எந்தக் கடியாக இருந்தாலும் முதல் ஒரு மணி நேரம்

கோழியைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்காதீர்கள். சந்தையில் அப்படித்தான் தூக்குவோம், ஆனால் அடிபட்ட கோழிக்கு அதில் மூச்சு முட்டும். துண்டைப் போட்டு மூடி, இரண்டு கையாலும் இறக்கையோடு சேர்த்து அள்ளுங்கள். நெஞ்சை இறுக்கக் கூடாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சே வரும்.

ஓர் அட்டைப்பெட்டியில் பழைய வேட்டியை மடித்துப் போட்டு வையுங்கள். பெட்டிக்கு வெளியே ஒரு பக்கமாக 40 வாட் குண்டு பல்பு, அது இல்லையென்றால் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றிய பாட்டில். சூடு ஒரு பக்கம் மட்டும் இருக்கட்டும், வேண்டாமென்றால் கோழி நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். மேலே துணி போட்டு இருட்டாக்குங்கள். நாய், குழந்தைகள், டிவி சத்தம் எதுவும் அண்டக் கூடாது. கோழியின் உடல் சூடு 41, 42 டிகிரி. நமக்கு உடம்பு கொதிக்கிற சூடு அதற்கு இயல்பு. அடிபட்டதும் அந்தச் சூடு மளமளவென்று இறங்கும்.

ரத்தம் ஓடினால் மட்டும் உடனே கை வையுங்கள். மற்றபடி அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். கழுவுவதும் மருந்து போடுவதும் அதற்கு அப்புறம்.

உங்களுக்காக ஒன்று. கடித்தது நாயோ கீரியோ என்றால் காயத்தில் அதன் எச்சில் இருக்கும். கையுறை போடுங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையாவது மாட்டிக்கொள்ளுங்கள். உங்கள் கையில் கீறல் இருந்து அதில் எச்சில் பட்டுவிட்டால், சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். வெறிநாய் என்று சந்தேகம் இருந்தால் அந்தக் கோழியைக் கறிக்கும் எடுக்கக் கூடாது.

ரத்தம் நிற்கவில்லை

ஒன்றரைக் கிலோ கோழியின் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 100 மில்லி, ஒரு டீ கிளாஸ் அளவுதான். நமக்குக் கொஞ்சமாகத் தெரிவது அதற்குப் பெரிது.

நகமோ அலகு நுனியோ உடைந்திருந்தால் மைதா மாவையோ மஞ்சள் தூளையோ வைத்து அழுத்தினால் நின்றுவிடும்.

புதிதாக முளைத்து வரும் இறகின் தண்டுக்குள் ரத்தம் ஓடும். அது ஒடிந்தால் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி சொட்டிக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிடம் அழுத்திப் பாருங்கள். நிற்காவிட்டால் அந்த ஒரே இறகை அடியில் இடுக்கியால் பிடித்து, முளைத்த திசையிலேயே ஒரே இழுப்பில் எடுத்துவிட்டு அந்த இடத்தை அழுத்துங்கள்.

சதையிலிருந்து வந்தால் சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடம் எடுக்காமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நடுவில் திறந்து பார்ப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. காபித்தூள், சாம்பல், சுண்ணாம்பு எதையும் குழியில் அடைக்காதீர்கள்.

பத்து நிமிடம் அழுத்தியும் துணி நனைந்துகொண்டே இருக்கிறது, அல்லது ரத்தம் பீச்சியடிக்கிறது என்றால் அழுத்திய கையை எடுக்காமல் கிளம்புங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962, கட்டணம் கிடையாது. அது வர நேரமாகும் போலிருந்தால் பெட்டியோடு வண்டியில் ஏற்றிவிடுங்கள்.

கண்ணை மூடிக் கிடக்கிறது, கொண்டை வெளுத்திருக்கிறது, கால் சில்லென்று இருக்கிறது

அதிர்ச்சி. சூடும் இருட்டும்தான் மருந்து. இந்த நிலையில் வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழாயின் வாய் திறந்திருக்கும், விழுங்கத் தெம்பில்லாத கோழிக்குத் தண்ணீர் நேரே அங்கே இறங்கும். முதல் வருடத்தில் ஒரு கருங்கால் பெட்டையை நான் இப்படித்தான் இழந்தேன். நாய் போட்ட காயம் இரண்டு பல் ஆழம்கூட இல்லை.

தலையைத் தானாகத் தூக்கி, கண் திறந்து பார்க்கிறது என்றால் தண்ணீர் கொடுக்கலாம். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. விரலை நனைத்து அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள். அதுவாக நாக்கை நீட்டி விழுங்கினால் அடுத்த சொட்டு.

இரண்டு மணி நேரச் சூட்டுக்குப் பிறகும் கால் சில்லென்றே இருந்தால், கழுத்தைத் தூக்க முடியாவிட்டால், உள்ளே ரத்தம் கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் போகாமல் இதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

காயமே தெரியவில்லை, ஆனால் ஒடுங்கி நிற்கிறது

என்னை அதிகம் ஏமாற்றியது இதுதான். இறகு எல்லாவற்றையும் மறைத்துவிடும். பகல் வெளிச்சத்தில் கோழியை மடியில் வைத்து, இறகுக்கு எதிர்த்திசையில் வாயால் ஊதுங்கள். இறகு பிரிந்து தோல் தெரியும். கழுத்தின் பின்பக்கம், இறக்கைக்கு அடியில், முதுகு, வாலடி, ஆசனவாயைச் சுற்றி என்று ஓர் அங்குலம் விடாமல் ஊதிப் பாருங்கள். ஈரமாக ஒட்டிக்கொண்ட இறகுக் கற்றை இருந்தால் அதற்கு அடியில் துளை இருக்கும்.

எது கடித்தது என்று தெரிந்தால் தேடும் இடம் குறையும். கீரியும் மரநாயும் தலையிலும் கழுத்திலும் வைக்கும். நாய் முதுகையும் பின்தொடையையும் கவ்வி உதறும், வாலிறகு கொத்தாகப் போயிருக்கும். வல்லூறு முதுகின் இரண்டு பக்கமும் நகத் துளை விட்டுப் போகும்.

துளையைக் கண்டதும் சுற்றியுள்ள இறகைக் கத்தரியால் வெட்டுங்கள். பிடுங்காதீர்கள், கோழித் தோல் ஈரக் காகிதம் மாதிரி, இறகோடு கிழிந்து வரும்.

எங்கே தேடியும் ஒன்றும் இல்லை, ஒரு நாளில் சுறுசுறுப்பாகிவிட்டது என்றால் பயந்திருக்கிறது, அவ்வளவுதான். மற்ற கோழிகளும் சோர்ந்து, தலை திருகி நின்றால் அது கடி இல்லை, வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோயாக இருக்கலாம். அப்போது தனியே பிரித்துவிட்டு கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

தோல் கிழிந்து சதை தெரிகிறது

பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் இதுதான் நன்றாக ஆறும். மண்டைத்தோல் முழுக்க உரிந்து எலும்பு தெரிந்த சிறுவிடை இனப் பெட்டை ஒன்று எங்களிடம் ஏழு வாரத்தில் தோல் மூடி எழுந்தது. தலை வழுக்கையாக, இன்னும் முட்டை வைக்கிறது.

ஒரு லிட்டர் கொதித்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீரில் 9 கிராம் உப்பு, அதாவது தட்டையாக வழித்த இரண்டு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சில் எடுத்துப் பீச்சிப் பீச்சிக் கழுவுங்கள். மண், இறகுத் துண்டு, தவிடு எல்லாம் வெளியேற வேண்டும். பிறகு பொவிடோன் அயோடினை வெளிறிய டீ நிறத்துக்குத் தண்ணீர் கலந்து ஒரு தடவை ஊற்றுங்கள். நேரடியாக ஊற்றினால் ஆறுகிற சதையையும் அது கருக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு, டெட்டால், பினாயில், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம்.

பிறகு மேலே பூச. சுத்தமான தேன் நன்றாக வேலை செய்கிறது, ஆனால் எறும்பு வரும். பெட்டியை ஸ்டூலில் வைத்து, நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். மஞ்சள் தூளைக் காயத்தில் அப்பும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். மேலே பொருக்குக் கட்டி, அடியில் சீழ் பிடிப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எண்ணெய் மருந்து எதுவானாலும் தோலில் மட்டும் மெல்லிசாக. இறகில் எண்ணெய் ஏறினால் கோழி உடம்புச் சூட்டைக் காக்க முடியாது.

மருந்துக்கடையில் வலிமரப்புக் களிம்பு கொடுத்தால் பெயரைப் பாருங்கள். ‘கெய்ன்’ என்று முடியும் மருந்துகள், பென்சோகெய்ன், லிக்னோகெய்ன் போன்றவை, அளவு கூடினால் பறவையைக் கொன்றுவிடும்.

கிழிசல் உள்ளங்கை அகலம் என்றால் அன்றைக்கே, முடிந்தால் ஆறு எட்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்டுங்கள். தையல் போடலாமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். மறுநாள் போனால் பெரும்பாலும் திறந்தே ஆறவிடச் சொல்வார். வீட்டில் ஊசி நூலோ பசையோ வேண்டாம். உள்ளே அழுக்கை வைத்து மூடுவது அந்தக் கோழியைக் கொல்வதுதான்.

சின்னச் சின்னத் துளைகள் மட்டும்

கிழிசலைவிட இதற்கு நான் அதிகம் பயப்படுகிறேன். வெளியே கடுகளவு, உள்ளே பல் போன ஆழம் முழுக்க அழுக்கு. பூனைக் கடியும் மரநாய்க் கடியும் இப்படி. ஒவ்வொரு துளையையும் உப்புத் தண்ணீரால் கழுவி, மூடாமல் விடுங்கள். தினம் இரண்டு வேளை இப்படிச் செய்யுங்கள்.

கோழிக்குச் சீழ் நம்மைப் போலத் தண்ணீராக ஒழுகாது. கெட்டித் தயிர் மாதிரி கட்டியாகி உள்ளேயே உட்கார்ந்துவிடும். அதனால் “ஒழுகவில்லையே, ஆறிவிட்டது” என்று நினைக்காதீர்கள். துளை இருந்த இடத்தில் கெட்டியாக, சூடாக வீக்கம் வந்தால் மருத்துவர் கீறி எடுக்க வேண்டும்.

ஆழமான துளை இரண்டுக்கு மேல் இருந்தால் வீக்கத்துக்குக் காத்திருக்காமல் முதல் நாளே ஆன்டிபயாட்டிக் கேட்டு மருந்தகத்துக்குப் போங்கள். மாட்டுக்கு வாங்கி வைத்த மிச்ச மருந்தை அளவு தெரியாமல் ஏற்றாதீர்கள். எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்பதையும் அவரிடமே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வலி ஊசி பற்றி ஒரு வார்த்தை. டைக்ளோஃபெனாக் வேண்டவே வேண்டாம். கால்நடைக்கு அதைப் போட்டதால், செத்த மாட்டைத் தின்ற கழுகுக் கூட்டமே அழிந்து, 2006-ல் இந்தியாவில் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை வந்தது. 2023-ல் கீட்டோப்ரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. வீட்டில் இருக்கும் மனித மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும் கூடாது. மெலாக்சிகாம் பறவைக்கு ஒத்துவரும், ஆனால் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது

துரத்தலுக்குப் பிறகு கால் மணி நேரம் இப்படி இருப்பது பயத்தால், வெயிலால். அரை மணிக்குப் பிறகும் ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடினால், மூக்கில் ரத்த நுரை வந்தால், நுரையீரலில் அடி. படுக்கப் போடாமல், நெஞ்சுக்கு இரண்டு பக்கமும் துணிச் சுருளை அணை கொடுத்து உட்கார்ந்த மாதிரி வைத்துக் கிளம்புங்கள்.

நெஞ்சிலோ முதுகிலோ உள்ள துளை வழியாகக் காற்று புஸ்ஸென்று போய்வந்தால் அதில் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றக் கூடாது. சுத்தமான துணியை மேலே வைத்து, நேரே மருத்துவமனை.

தோலுக்கடியில் பலூன் மாதிரி உப்பி, அழுத்தினால் நொறுநொறுவென்கிறதா? நுரையீரலோடு சேர்ந்த காற்றுப்பை கிழிந்து காற்று தோலுக்கடியில் வந்திருக்கிறது. எலுமிச்சை அளவு, கோழி தெம்பாக இருக்கிறது என்றால் சில நாளில் வற்றும். பெரிதாகிக்கொண்டே போனால், மூச்சு முட்டினால், மருத்துவர் ஊசியால் காற்றை இறக்குவார்.

குடித்த தண்ணீர் கழுத்தடியில் வழிகிறது

தீனிப்பை கிழிந்திருக்கிறது. தீனியையும் தண்ணீரையும் உடனே எடுத்துவிடுங்கள். பையைத் தனியாக, தோலைத் தனியாக என்று இரண்டு அடுக்காகத் தைக்க வேண்டும். வீட்டு வைத்தியம் இதற்குக் கிடையாது, ஆனால் தைத்தால் நன்றாகப் பிழைக்கும்.

காலை ஊன்றவில்லை, இறக்கை தொங்குகிறது

முதலில் பாதத்துக்கு அடியில் விரலை வையுங்கள். விரலைப் பற்றுகிறதா? கால் விரலைக் கிள்ளினால் இழுத்துக்கொள்கிறதா? இரண்டும் இருந்தால் நரம்பு பிழைத்திருக்கிறது, சுளுக்காகவோ எலும்பு முறிவாகவோ இருக்கும்.

நொண்டுகிறது ஆனால் எலும்பு நேராக இருக்கிறது என்றால், பெட்டியில் ஒரு வாரம் ஓய்வு போதும்.

செதில் உள்ள கீழ்க்கால் ஒடிந்து, தோல் கிழியாமல் இருந்தால் வீட்டிலேயே கட்டலாம். பஞ்சு சுற்றி, இரண்டு பக்கமும் மூங்கில் சிம்பு வைத்து, மேல் மூட்டும் கீழ் மூட்டும் அசையாமல் கட்ட வேண்டும். விரல்கள் வெளியே தெரியட்டும். அவை வீங்கினாலோ நிறம் கருத்தாலோ கட்டு இறுக்கம், உடனே தளர்த்துங்கள். மூன்று வாரத்தில் எலும்பு கூடும்.

அதற்கு மேலே, கோழிக்கால் என்று நாம் சாப்பிடும் பகுதியோ தொடையோ ஒடிந்தால் மருத்துவர். இறக்கையை மடித்து இயல்பான இடத்தில் வைத்து, உடம்போடு சேர்த்துப் பேண்டேஜால் சுற்றலாம். நெஞ்சும் அசைய இடம் இருக்கிறதா, கட்டுக்குள் ஒரு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். தோளை ஒட்டிய இறக்கை எலும்பு வெளியே தெரிந்தால் கழுவாதீர்கள். அந்த எலும்பு உள்ளே பொள்ளல், காற்றுப்பையோடு சேர்ந்தது. அதில் ஊற்றும் தண்ணீர் நுரையீரலுக்குப் போகும்.

கிள்ளினாலும் இரண்டு காலிலும் உணர்வே இல்லை என்றால் முதுகெலும்பு. கீழே ‘குடல் வெளியே வந்திருக்கிறது, முதுகு உடைந்திருக்கிறது’ என்ற தலைப்பைப் பாருங்கள்.

மூன்றாம் நாள் தோல் பச்சையாக இருக்கிறது

பயப்படாதீர்கள். நமக்கு ரத்தக்கட்டு நீலமாகும், கோழிக்குப் பச்சையாகும். தோல் காய்ந்து, வாடை இல்லாமல், தொட்டால் இயல்பான சூட்டோடு இருந்தால் தானாகப் போய்விடும். கருத்து, ஈரமாக, கெட்ட வாடையோடு இருந்தால் அழுகல். அன்றைக்கே மருத்துவர்.

வாடை வருகிறது, காயத்தில் ஏதோ நெளிகிறது

முன்னாலேயே பிடிக்கலாம். இறகின் அடியில் அரிசி நொய்யைக் கொட்டி ஒட்டிவிட்டது போல வெள்ளையாக இருந்தால் அது ஈ முட்டை. ஒரே நாளில் பொரித்துவிடும். அதனால்தான் முதல் நாளிலிருந்தே பெட்டிக்குக் கொசுவலை கட்டச் சொல்கிறேன். துணியையும் தினம் மாற்றுங்கள். எங்கள் வீட்டில் இதை ஆரம்பித்த பிறகு புழு வைத்தது இரண்டே தடவை.

வைத்துவிட்டால், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரைப் பீச்சினால் புழு மேலே வரும். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுங்கள், அரை மணி நேரம் ஆகும். ஆறு மணி நேரம் கழித்து மறுபடி. சீத்தாப்பழ இலையை அரைத்துக் காயத்தின் விளிம்பில் முதல் நாள் மட்டும் தடவலாம். மாட்டுக் குளம்புப் புண்ணுக்குக் கால்நடைப் பல்கலைக்கழகம் சொல்லித் தரும் மூலிகை முறையிலும் அது இருக்கிறது. கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டுப் புண்ணில் ஊற்றும் டர்பன்டைன் கோழிக்கு வேண்டாம்.

புழு வயிற்றுக்குள்ளோ ஆசனவாய்க்குள்ளோ போய்விட்டால், இரண்டு நாள் எடுத்தும் புதிதாக வந்துகொண்டே இருந்தால், மருத்துவர்தான்.

தின்ன மாட்டேன் என்கிறது, எச்சம் பச்சையாகத் தண்ணீராகப் போகிறது

வயிறு காலி என்பதற்கு அடையாளம் அந்தப் பச்சை. முதல் நாள் விட்டுவிடலாம். இரண்டாம் நாள் வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவை உதிர்த்து, சோற்றுப் பருக்கையோடு பிசைந்து மூக்குக்கு முன்னால் வையுங்கள். எங்கள் கோழிகள் ஊறவைத்த கம்புக்கு முதலில் மயங்கும். சாந்தமான இன்னொரு கோழியைக் கண்ணில் படும்படி வலைக்கு அந்தப் பக்கம் மேயவிட்டால், அது கொத்துவதைப் பார்த்து இதுவும் கொத்தும்.

சமையலறைத் தராசில் தினம் காலையில் எடை போட்டு எழுதி வையுங்கள். இரண்டு முழு நாள் ஒன்றும் தின்னாவிட்டால் குழாய் வழியாகத் தீனி கொடுக்க வேண்டியிருக்கும். அதை ஒருமுறை மருத்துவர் கையில் பார்த்துக் கற்றுக்கொள்ளாமல் செய்யாதீர்கள்.

முட்டை வாரக்கணக்கில் நின்றுபோகும். அது கோளாறு இல்லை.

குடல் வெளியே வந்திருக்கிறது, முதுகு உடைந்திருக்கிறது

குடல் கிழியாமல் வெளியே மட்டும் தெரிந்தால், உப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் மூடி, உள்ளே தள்ளாமல், ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனை சேருங்கள். நாமக்கல்லுக்கோ சென்னை வேப்பேரிக்கோ பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

குடல் கிழிந்து தீனி சிந்துகிறது, இரண்டு காலிலும் உணர்வு இல்லை, அல்லது ஐந்து நாள் பார்த்தும் எடை இறங்கிக்கொண்டே போய்த் தலை தூக்கவில்லை என்றால் இழுத்தடிக்காதீர்கள். மருத்துவரிடம் வலியில்லாமல் முடிக்கச் சொல்லிக் கேளுங்கள், ஊசி போடுவார். இதைத் தள்ளிப்போட்டு, என் மனம் கேட்கவில்லை என்பதற்காக ஒரு பெட்டையை நான்கு நாள் கிடத்தி வைத்திருந்தேன். அது கண்ணை மூடிக்கொண்டு அலகை மெல்ல அரைத்தபடி கிடந்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

ஆறிவிட்டது, ஆனால் மற்றவை கொத்துகின்றன

சிவப்புப் பொட்டு ஒன்று தெரிந்தாலும் கூட்டம் கொத்திக் குதறும். தோல் முழுக்க மூடி, பொருக்கு உதிரும் வரை சேர்க்காதீர்கள். அதற்கு முன் ஒரு வாரம் கூட்டத்துக்கு நடுவில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, அதற்குள் இதை விட்டு மேயவிடுங்கள், முகம் மறக்காது. பிறகு ஒருநாள் எல்லாம் அடைந்த பிறகு, இருட்டில், நடுவில் கொண்டுபோய் வையுங்கள். காலையில் கதவைத் திறக்கும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். ஒன்றிரண்டு கொத்து என்பது யார் பெரியவர் என்று அவை பேசி முடித்துக்கொள்வது, அது போகட்டும். ஒரே சேவலோ பெட்டையோ விடாமல் துரத்தினால், துரத்துவதைப் பிடித்து மூன்று நாள் தனியே அடையுங்கள், அடிபட்டதை வெளியே எடுக்காதீர்கள்.

வேரோடு பிடுங்கப்பட்ட இறகு இரண்டு மாதத்துக்குள் முளைத்துவிடும். நீங்கள் கத்தரித்தவை அடுத்த இறகுதிர்வு வரை அப்படியே இருக்கும். அதுவரை பனிக்காலம் வந்தால் அந்தக் கோழிக்கு மட்டும் இரவில் ஒரு சாக்கு அதிகம் போடுங்கள்.